இடிந்த பின் தேடும் வரைபடம்

மக்கள் பெருகப் பெருக இறையில்லங்களும் விரிவடைவது இயல்பே. சங்கராபுரத்திலும், கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும், ஏன், தமிழகமெங்கணும் பழைய சிறு பள்ளிவாசல் நின்ற இடத்தில் இரண்டடுக்குக் கான்கிரீட் பள்ளிவாசல் எழும்புவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதற்காக உண்டியலில் பணமும் இட்டிருக்கிறோம். திறப்பு விழா முடிந்து, நெய்ச்சோறு பரிமாறி, விருந்தினர் விடைபெற்ற பின்னர், மூலையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் தம் பேரனிடம், "பழைய பள்ளியில் மிம்பர் இருந்த இடம் இதுதான்" என்று கை நீட்டிக் காட்டுவார். பேரன் பார்ப்பான். பளபளக்கும் சலவைக்கல் தரைதான் அவனுக்குத் தெரியும்.

பழையதை இடித்தது தவறு என்று வாதிடுவதற்காக இதனை எழுதவில்லை. இட நெருக்கடியை அனுபவிப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால், இடிப்பதற்கு முன் அளந்து ஒரு வரைபடம் எழுதி வைத்தோமா? நான்கு புறமும் நின்று நான்கு புகைப்படமாவது எடுத்தோமா? எடுத்திருந்தால் அவை இன்று யாரிடம் உள்ளன? இவ்வினாக்களுக்கு விடை சொல்லக்கூடிய ஜமாஅத்துகள் மிகச் சிலவே.

ஒரு பழைய பள்ளிவாசலின் செய்தியைத் தேடிச் சங்கராபுரத்திலிருந்து ஒருவர் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அவர் எங்கே செல்வார்? கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 2019 நவம்பரில்தான். அதற்கு முன் இவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டமோ 1993 செப்டம்பரில் பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. தென்னார்க்காட்டின் தலைநகர் கடலூர். ஆகவே ஓர் ஊரின் கதை மூன்று மாவட்டத் தலைநகர்களிலும், பின்னர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது. அக்காப்பகத்தின் செந்நிறக் கட்டடம் 1909இல் சென்னை ஆவண அலுவலகமாக எழுந்தது. மாவட்ட ஆட்சியரின் பழைய கடிதங்களும், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளும் அங்கே உள்ளன. எந்த நிலம், எப்பணிக்காக, யாரால் விடப்பட்டது என்பதை இனாம் பதிவேடு கூறும். பள்ளிவாசலின் உருவத்தை அது கூறாது; எனினும் அப்பள்ளி எவருடைய கொடையால் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இவ்வாறு சிதறுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்னாட்டு ஊர்களின் வரலாற்றையும் கட்டடங்களின் சித்திரங்களையும் திரட்டிய கர்னல் காலின் மெக்கன்சி 1821இல் மறைந்தார். அவருடைய திரட்டு இலண்டன், சென்னை, கல்கத்தா என மூன்று நகரங்களுக்குப் பிரிந்து போயிற்று. ஊரைப் பற்றிய கைபீது ஓரிடத்தில். அவ்வூர்க் கோட்டையின் சித்திரம் கடல் கடந்து வேறோரிடத்தில்! இவற்றைக் காக்கும் ஆவணக் காப்பாளர்கள் தத்தம் கையிருப்பை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டாலன்றி, ஆராய்பவர் வாழ்நாள் முழுவதும் இரயிலேற வேண்டியதுதான்.

பைத்துல் முகத்தஸில் நடந்ததை ஈண்டு நினைவுகூர வேண்டும்.

சுல்தான் நூருத்தீன் ஸங்கி, பைத்துல் முகத்தஸ் மீட்கப்படும் நாளுக்கெனவே ஹலப் நகரில் ஒரு மிம்பரைச் செய்வித்தார். ஹிஜ்ரி 564இல், அதாவது கி.பி. 1168-69இல் அவ்வேலை தொடங்கிற்று. ஆணி அறையாமல், சிறு சிறு மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து இழைத்த அற்புதம் அது. அந்நாளைக் காண நூருத்தீனுக்கு வாய்க்கவில்லை; 1174இல் அவர் மறைந்தார். 1187இல் நகரை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபி, ஹலபிலிருந்து அம்மிம்பரை வரவழைத்து மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் அதன்மீது குத்பா ஒலித்தது. 1969 ஆகஸ்டு 21ஆம் நாள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவன் வைத்த தீயில் அது எரிந்து போயிற்று. எஞ்சிய துண்டுகள் ஹரம் வளாகத்திலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

அதேபோன்று மீண்டும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஜோர்டான் அரசு முயன்றபோது, முதலில் தேவைப்பட்டது மரமன்று, வரைபடம். மிம்பரைச் செய்த ஹலப் தச்சர்களின் கணக்கு அவர்களோடு போய்விட்டது. பொறியாளர் மின்வர் அல் மஹீத் என்பவர் பழைய புகைப்படங்களை உற்று நோக்கி, ஒவ்வொரு நட்சத்திர வடிவத்தின் கோணத்தையும் மீண்டும் கணக்கிட்டு வரைந்தார். ஜோர்டானின் ஸல்ட் நகரில் பல நாட்டுத் தச்சர்கள் கூடி இழைத்தனர். 2007இல் புதிய மிம்பர் மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. தீக்கும் இந்நாளுக்கும் இடையே 38 ஆண்டுகள்! என்றோ எவரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இல்லாதிருந்தால் 380 ஆண்டுகளானாலும் அது கைகூடியிராது.

இப்படிப்பட்ட படங்களை எடுத்தவர்களுள் தலையாயவர் கே. ஏ. சி. கிரெஸ்வெல் (1879-1974). வாழ்வின் பெரும்பகுதியைக் கெய்ரோவில் கழித்து, எகிப்து, சிரியா, பாலஸ்தீனப் பள்ளிவாசல்களை அளந்தும் படமெடுத்தும் வைத்தார். அவருடைய நெகட்டிவுகள் ஆக்ஸ்ஃபோர்டிலும், பிரதிகள் கெய்ரோ, இலண்டன், அமெரிக்காவின் ஹார்வர்டு, இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் ஆகிய இடங்களிலும் சென்று சேர்ந்தன. 'எங்களுடையது', 'உங்களுடையது' என்று பூட்டி வைக்காமல், இந்நிறுவனங்கள் தம் கையிருப்பை ஒப்பிட்டு இணையத்தில் வெளியிட்டன. இன்று சங்கராபுரத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி தன் கைப்பேசியிலேயே அவற்றைக் காணலாம்.

மிம்பர் பிறந்த ஹலப் நகருக்கும் பின்னர் ஒரு துயரம் வந்தது. கி.பி. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பெற்ற அந்நகரப் பெரிய பள்ளியின் மினாரா 2013 ஏப்ரல் 24ஆம் நாள் போரில் தகர்ந்தது. அவ்வாண்டிலேயே பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் ஜெர்மானியத் தொல்லியல் நிறுவனமும் சேர்ந்து, சிரியாவில் முன்பு ஆராய்ச்சி செய்த அறிஞர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்த படங்களையும் வரைபடங்களையும் திரட்டத் தொடங்கின. பேராசிரியர்கள் தனித்தனியே வைத்திருந்தவரை வெறும் பயண நினைவுகளாக இருந்தவை, ஒன்றுசேர்ந்ததும் ஒரு நகரத்தின் அங்க அடையாளங்களாயின.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று எண்ண வேண்டா. நமக்கு அருகே புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் காக்கப்படுகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழகக் கோயில்களின் படங்கள். பழைய தமிழகப் பள்ளிவாசல்கள் இத்துணை விரிவாக எங்கும் படமாக்கப்பட்டதில்லை. மெஹர்தாத் ஷுகூஹி என்னும் அறிஞர் 2003இல் வெளியிட்ட நூலில் காயல்பட்டினம், கீழக்கரை, மதுரைப் பள்ளிவாசல்களின் அளந்தெழுதிய வரைபடங்கள் உள்ளன. தமிழக இஸ்லாமியக் கட்டடக் கலை குறித்து முனைவர் ஜெ. ராஜா முகமது எழுதியுள்ளார். கல் தூணும் கல் உத்தரமும் தட்டையான கல் கூரையுமாய்த் தமிழ்ச் சிற்பியின் கைவண்ணத்தில், உருவங்களுக்குப் பதில் பூவும் கொடியும் செதுக்கி எழுந்த அப்பள்ளிகள், இம்மண்ணில் நம் முன்னோர் எவ்வாறு கலந்து வாழ்ந்தனர் என்பதைக் கல்லால் கூறுகின்றன. ஆனால், கடற்கரை ஊர்களுக்குக் கிட்டிய இக்கவனம் கல்வராயன் மலையடிவாரத்துக்கு வந்து சேரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஊரில், பள்ளிவாசலின் பழைய வரைபடத்தைக் காண விரும்பினேன். முத்தவல்லி அன்போடு தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "எதற்குக் கேட்கிறீர்கள்? நாளை வழக்கு வம்பு வந்துவிடாதா?" என்றார். அவர் அச்சத்தைக் குறை கூற மாட்டேன். சொத்துத் தகராறுகளைக் கண்டு சலித்தவர் அவர். ஆனால், பின்னர் அவரே வரவழைத்துத் திறந்து காட்டிய தகரப் பெட்டியில் நீல வரைபடத்தின் பாதியைக் கரையான் தின்றிருந்தது. வழக்கு வந்தாலும் அது இனி யாருக்கும் சாட்சி சொல்லாது. 2025 ஜூனில் ஒன்றிய அரசு தொடங்கிய 'உமீத்' இணையதளத்தில் வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றும்படி கேட்கப்பட்டபோது, இத்தகைய பெட்டிகளை நிர்வாகிகள் பலர் அவசரமாகத் திறக்க நேர்ந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

நீல வரைபடம் வெளிச்சத்தில் வெளுக்கும். ஆகவே கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாகாது. கிழிந்த இடத்தில் ஒட்டும் டேப்பு ஒட்டினால் சில ஆண்டுகளில் அதுவே கறையாகும். லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்க இயலாது. மடிக்காமல் தட்டையாக, ஈரமில்லாத இடத்தில் வைப்பதே போதும். அசலைப் பள்ளிவாசலிலேயே வைத்துக்கொண்டு, நல்ல படப்பிரதிகளை வேறு ஊர் ஜமாஅத்திடமும், ஒரு கல்லூரி நூலகத்திலும் கொடுத்து வைக்கலாம். ஓரிடத்தில் வெள்ளம் புகுந்தாலும் மற்றோரிடத்தில் அது இருக்கும்.

பெட்டியில் ஒன்றுமே இல்லையென்றால்? அப்போது வீட்டுத் தாய்மார்களைத்தான் கேட்க வேண்டும். எத்தனையோ நிகாஹ் ஆல்பங்களில், மாலையிட்ட மாப்பிள்ளைக்குப் பின்னால் பழைய மிஹ்ராபின் வளைவு தெரியும். ஒளூச் செய்யும் ஹவுளின் படிக்கட்டு தெரியும். இப்போது இல்லாத மரக்கதவு தெரியும். நான்கு வீட்டு ஆல்பங்களை ஒரே பாயில் விரித்து வைத்தால், பழைய பள்ளியின் நான்கு சுவர்களும் கிடைத்துவிடலாம். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டா, அப்படியே படமெடுத்துக்கொள்ளலாம். தனியாக உள்ள படமானால், எந்த ஊர், எந்த ஆண்டு, எத்திசை நோக்கி எடுத்தது என்பதை அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை மறுபுறம் ஊடுருவி மாப்பிள்ளையின் முகத்தைக் கெடுத்துவிடும்.