உல்லாசக் கப்பல் வாழ்க்கை: பயணிகளின் யோசனைகளும் அவற்றின் காரணங்களும்

உல்லாசக் கப்பல் பயணம் என்பது ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக அல்லாமல், கப்பலில் தங்கி, உண்டு, வழியிலுள்ள துறைமுகங்களைப் பார்த்துத் திரும்புவதற்காக மேற்கொள்ளும் கடல் பயணமாகும். 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 3 கோடியே 17 லட்சம் பேர் இவ்வாறு பயணம் செய்ததாகக் கப்பல் நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் கணக்கிட்டுள்ளது. இவர்களில் பலர் மீண்டும் மீண்டும் போகிறவர்கள். எந்த அறையை எடுப்பது, எதற்குக் காசு கொடுப்பது, கரையில் எவ்வளவு நேரம் சுற்றலாம் என்று பழைய பயணிகள் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனைகளுக்கு அளவே இல்லை.

அந்த யோசனைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில, கப்பலின் கட்டுமானத்திலிருந்தும் கடல் சட்டத்திலிருந்தும் நிறுவனம் பணம் ஈட்டும் முறையிலிருந்தும் பிறந்தவை. அவற்றைக் கேளாதவர் பணத்தை இழக்கலாம், சில வேளை உயிரையும் இழக்கலாம். மற்றவை சொல்பவரின் சொந்த விருப்பு வெறுப்பு. காரணம் தெரிந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

பழைய வழக்கம்

கப்பல் வாழ்க்கையைப் பற்றிப் பயணிகள் கருத்துச் சொல்வது இன்று தொடங்கியதல்ல. கல்கத்தாவில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் தாக்கரே, 1844இல் பி அண்ட் ஓ நிறுவனம் இலவசமாகக் கொடுத்த பயணத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவிட்டு ஒரு நூல் எழுதினார். மார்க் ட்வைன் 1867இல் குவேக்கர் சிட்டி என்னும் கப்பலில் சென்ற பயணத்தைப் பற்றிய நூல் 1869இல் வெளிவந்தது. சக பயணிகளைப் பற்றிய கேலி அதில் நிறைய உண்டு. இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பலாகக் கருதப்படும் ஜெர்மனியின் பிரின்செசின் விக்டோரியா லூயிசே 1900ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இன்றைய பெருங்கப்பல்கள் வேறு ரகம். 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் சுமார் 365 மீட்டர் நீளமும் 20 தளங்களும் கொண்டது. அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகளும், அவர்களுக்குப் பணிவிடை செய்ய 2,350 பேரும் அதில் இருப்பர். ஒரு சிறு நகரத்தையே கடலில் மிதக்கவிட்டது போலத்தான்.

அறையும் ஆட்டமும்

வயிறு புரட்டுமோ என்று அஞ்சுபவருக்குப் பழைய பயணிகள் சொல்வது ஒன்றே: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். இது சரியான யோசனை. அலையில் கப்பல் ஏற்றப்பலகை போல நடுவை மையமாகக் கொண்டு ஆடுகிறது. முனையில் அமர்ந்தவர் அதிகம் ஏறி இறங்குவார். நடுவில் அமர்ந்தவர் அவ்வளவு அசையமாட்டார். பக்கவாட்டு ஆட்டத்தை நீரடியில் விரியும் இறக்கை போன்ற நிலைப்படுத்திகள் பெருமளவு குறைத்துவிடும். முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. மேல்தளத்தில் முன்முனையை ஒட்டிய அறை விலை அதிகமாக இருக்கலாம், ஆட்டமும் அதிகம்தான்.

குமட்டல் வந்தால் அடிவானத்தைப் பார்க்கச் சொல்வதிலும் பொருள் உண்டு. உட்காது அசைவை உணர்கிறது. மூடிய அறையில் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது. அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும். இஞ்சி, பச்சை ஆப்பிள் என்று கப்பலுக்குக் கப்பல் கைவைத்தியம் மாறும். அவை கெடுதல் செய்யாது என்ற அளவில் விட்டுவிடலாம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடத்தைப் பார்த்து, மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள இடத்தை எடுப்பது நல்லது. நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே படுத்தவர் விடியுமுன் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் விழித்துக்கொள்வார். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடுகள் என்பதால் காந்தக் கொக்கி வைத்து ஈரத்துணியையும் தொப்பியையும் மாட்டலாம் என்பது பயனுள்ள சிறு யோசனை. ஆனால் மின்னழுத்தப் பாய்வைத் தடுக்கும் அமைப்புள்ள பல்முனை மின்பலகையைக் கொண்டுபோகக் கூடாது. கப்பலின் மின்சுற்று வீட்டு மின்சுற்றைப் போல நிலத்தோடு இணைந்ததல்ல. அதில் அத்தகைய பலகைகள் சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. கடலில் தீயைவிடப் பெரிய அபாயம் இல்லை. இஸ்திரிப்பெட்டிக்கும் இதே காரணத்தால்தான் தடை.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ எதிர்ச் சவ்வூடுபரவல் மூலமாகவோ நன்னீராக்கி, குளோரின் சேர்த்துத்தான் குழாயில் விடுகின்றன. பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் போத்தல் தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒத்திகை

ஆபத்துக்கால ஒத்திகையை வீண் வேலை என்று நினைக்கும் பயணிகள் எப்போதும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர்களின் கருத்துக்குச் செவிசாய்க்கக் கூடாது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் கில்யோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. அதில் இருந்த 4,200க்கும் மேற்பட்டோரில் 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலை சிவிதாவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அதுவரை ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. அந்த விபத்துக்குப் பிறகு விதி மாற்றப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும்.

கொரோனா காலத்துக்குப் பின் பல கப்பல்களில் கூட்டமாக நிற்பது நின்றுவிட்டது. கைப்பேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ படம் பார்த்துவிட்டு, ஒதுக்கப்பட்ட கூடுமிடத்துக்குப் போய் முகம் காட்டினால் போதும். பயணிகள் இதை வரவேற்கிறார்கள். படத்தை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஏழு குறுஞ்சங்கொலி, பின் ஒரு நெடுஞ்சங்கொலி என்பது ஆபத்து அறிவிப்பு. அதைக் கேட்டதும் தன் கூடுமிடத்துக்கு இருட்டிலும் போய்ச் சேர முடிய வேண்டும். ஏறியவுடன் அறையிலிருந்து அந்த இடம் வரை படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பார்ப்பது, படம் பார்ப்பதைவிட மேலானது. ஆபத்தின்போது மின்தூக்கியை நம்ப முடியாது.

கப்பல் காத்திராது

துறைமுகத்தில் இறங்கியவர் அனைவரும் திரும்ப வேண்டிய நேரம், கப்பல் புறப்படுவதற்கு அரை மணி அல்லது ஒரு மணி முன்பாக இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டுத் துறைமேடையில் பையோடு ஓடி வருபவர்களை மற்றவர்கள் மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பதும் கப்பல் வாழ்க்கையின் ஒரு பகுதி. ஓடுபவருக்கு அது வேடிக்கையல்ல.

கப்பல் ஏன் காத்திராது? துறைமேடையும் வழிகாட்டி மாலுமியும் குறித்த நேரத்துக்குத்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய காரணம் எரிபொருள். கப்பலை நகர்த்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. தாமதத்தை ஈடுகட்ட வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஆற்றல் தேவை மூன்றில் ஒரு பங்கு ஏறும். இரண்டு பேருக்காக அவ்வளவு எரிபொருளை எந்த நிறுவனமும் செலவிடாது. நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். இல்லையெனில் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுசேர்க்கும். வெளியில் பேசிய வாடகைக் காரில் போனால் செலவு பாதியாகலாம், ஆனால் தாமதத்தின் சுமை பயணியின் தலையில். வெளியில் போகிறவர் இரண்டு மணி நேரம் கையிருப்பு வைத்துத் திரும்புவது வழக்கம்.

கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறுபடலாம். கைப்பேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும்; கப்பல் மாறாது. அதனால்தான் முள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். கடலில் கைப்பேசியை விமான நிலையில் வைக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். கப்பலின் செயற்கைக்கோள் வழிக் கைப்பேசிச் சேவையோடு அது தானே இணைந்து பெரிய கட்டணத்தைக் கொண்டுவரும்.

அலாஸ்கா பயணங்களில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் 1886ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டுக் கொடியுடைய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்குவதைத் தடுக்கிறது. பெருங்கப்பல்கள் பெரும்பாலும் பகாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. சியாட்டிலில் புறப்படும் அலாஸ்காக் கப்பல், இருட்டிய பிறகு சில மணி நேரமே கிடைத்தாலும் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டு வருவது இதனால்தான். அப்படிப்பட்ட கப்பலைப் பாதிவழியில் தவறவிட்டால் அபராதம் விழலாம். அதைப் பயணியிடம் வசூலிக்க நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது.

கை கழுவுதல்

வயிற்றுப்போக்கும் வாந்தியும் தரும் நோரோ வைரசால் உல்லாசக் கப்பல்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. உண்மையில் அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு 1 விழுக்காடுதான். கப்பல்கள் அறிவித்தே ஆகவேண்டும் என்பதால் செய்தி வெளியே தெரிகிறது. 3 விழுக்காட்டினருக்கு நோய் கண்டால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பொதுவெளியில் வெளியிடுகிறது.

உணவுக்கூட வாசலில் கையில் தெளிக்கும் சாராயக் கரைசலை மட்டும் நம்பக் கூடாது. இந்த வைரசுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சாராயம் அதை நன்கு அழிப்பதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் வழி. நோய் வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதையும் பழைய பயணிகள் வற்புறுத்துவார்கள். சொன்னால் அறையில் அடைத்துவிடுவார்களே என்ற பயத்தில் பந்திக்குப் போகும் ஒருவர் கரண்டியைத் தொட்டால் போதும்.

அன்பளிப்புத் தொகை

பயணிகளிடையே அதிகம் சண்டை மூட்டுவது இதுதான். அமெரிக்கச் சந்தையை நம்பிய நிறுவனங்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை பணியாளர் அன்பளிப்பு என்று பயணியின் கணக்கில் தாமாகவே சேர்க்கின்றன. நால்வர் குடும்பம் ஏழு நாள் போனால் 448 டாலருக்குக் குறையாது. சிலர் வரவேற்பு மேசைக்குப் போய் இதை நீக்கிவிட்டு, பிடித்தவருக்குக் கையில் கொடுப்போம் என்கிறார்கள். மற்றவர்கள் இதைப் பாவம் என்கிறார்கள்.

இரு தரப்பும் பார்க்க வேண்டியது, இத்தொகை எங்கே போகிறது என்பதை. அறையைத் துடைப்பவர், உணவு பரிமாறுபவர் ஆகியோரின் வருமானத்தில் பெரும்பகுதி அடிப்படைச் சம்பளமல்ல; இந்தப் பொதுத்தொகையின் பங்குதான். பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வரும் இவர்களுக்கு ஒப்பந்தம் முடியும்வரை வாராந்தர முழுநாள் விடுப்பு என்பது பொதுவாகக் கிடையாது. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையே ஏழு நாளில் 72 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தருகிறது. கையில் கொடுக்கும் பணம், கண்ணில் படாத சலவைக்காரருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் போகாது. எனவே நீக்குவதால் நிறுவனத்தைத் தண்டித்ததாக ஆகாது. அதே நேரத்தில், ஊழியர் கூலியை விலைப்பட்டியலுக்கு வெளியே தள்ளி, பயணச்சீட்டைக் மலிவாகக் காட்டுவது நிறுவனத்தின் தந்திரமே என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் இருக்கிறது. பிரித்தானியாவின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019 முதல் இதைத் தனியே வாங்குவதில்லை. வேறு வழி இல்லாத ஏற்பாடு அல்ல என்பது அதிலிருந்து தெரிகிறது.

இந்தியக் கடவுச்சீட்டுடன் செல்வோர்

பயண யோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கரும் ஆங்கிலேயரும் சொல்பவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் ஏறி அங்கேயே இறங்கும் கரீபியன் பயணத்துக்குப் பிறப்புச் சான்றிதழும் அரசு அடையாள அட்டையும் போதும் என்பது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியர் பலமுறை நுழைவு விசா இல்லாமல் அதே துறைமுகத்துக்குத் திரும்ப முடியாது. பார்சிலோனாவில் ஏறித் துருக்கிக்குப் போய் ஏதென்சில் இறங்குபவருக்கும் ஒருமுறை நுழைவுள்ள செங்கன் விசா பயன்படாது. நடுவில் செங்கன் எல்லையை விட்டு வெளியேறிவிடுகிறாரே. சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே சொல்லிவிட்டால், பல நிறுவனங்கள் முதன்மை உணவகத்தில் இந்தியச் சைவ உணவு தருகின்றன. கப்பல் மருத்துவருக்கான கட்டணம் தனி. ஹெலிகாப்டரில் கரை சேர்க்க நேர்ந்தால் அது குடும்பத்தின் சேமிப்பையே விழுங்கும் என்பதால், அதை உள்ளடக்கிய காப்பீடு அவசியம்.

சென்னையிலிருந்து 2022 ஜூனில் கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றது. 1990இல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் இறங்கிய இக்கப்பலின் கொள்ளளவு சுமார் 48,000 டன். ஐகானில் ஐந்தில் ஒரு பங்கு. நடு அறை, கீழ்த்தளம் என்ற யோசனை இத்தகைய கப்பலில் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ருசி பேதங்கள்

மீதமுள்ளவை தீராத வழக்குகள். பேருந்து இருக்கையில் துண்டு போடுவதுபோல விடியற்காலையில் நீச்சல்குளத்து நாற்காலிகளில் துவாலை விரித்துவிட்டுக் காலை உணவுக்குப் போகிறவர்களை எல்லோரும் திட்டுகிறார்கள், அவர்களும் குறையவில்லை. அரை மணிக்கு மேல் ஆளில்லாத நாற்காலியின் துவாலையை எடுத்துவிடலாம் என்று சில கப்பல்களில் விதி உண்டு, ஆனால் பணியாளர்கள் பயணிகளோடு சண்டைக்குப் போகத் தயங்குவார்கள். கோட்டு சூட்டு அணியும் இரவு வேண்டுமா, பிள்ளைகள் நிறைந்த பெரிய கப்பலா, அமைதியான சிறிய கப்பலா, துறைமுகமே இல்லாத கடல்நாள் சுகமா அலுப்பா என்பவற்றுக்கும் விடை ஆளுக்கு ஆள் வேறு. சன்னல் இல்லாத உள்ளறையை ஒருவர் சிறை என்பார். இன்னொருவர் அதன் இருட்டில் பகலிலும் உறங்கலாம் என்பார், மிச்சமான பணத்தில் மறு ஆண்டும் போவார்.