முகமதிப்பும் உள்மதிப்பும்

நம் கத்தோலிக்க இல்லங்களில் பலவற்றில் பழைய மரப்பெட்டி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ஞானஸ்நானச் சான்றிதழ்கள், பாட்டனார் கையாண்ட செபப்புத்தகம், அறுந்த செபமாலை இவற்றின் நடுவே, துணியில் முடிந்து வைத்த நாணயம் ஒன்றும் கிடைப்பது வழக்கம். ஒரு பக்கத்தில் காந்தியடிகளின் முகம். மறுபக்கத்தில் அசோகரின் சிங்கங்கள். அதனருகே 10 ரூபாய் என்ற குறிப்பு. கறுத்துப்போயிருந்தாலும் கையில் எடுத்தால் கனம் தெரியும். 'இதன் மதிப்பு என்ன?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். எளிய கேள்விதான். எனினும் அதற்கு ஒன்றல்ல, மூன்று விடைகள் உண்டு.

காந்தி நூற்றாண்டு நாணயம்

1969ஆம் ஆண்டு அண்ணல் காந்தியடிகளின் பிறந்த நூற்றாண்டு. அதனை முன்னிட்டு நடுவண் அரசு 20 காசு, 50 காசு, 1 ரூபாய் நாணயங்களோடு, 10 ரூபாய் நாணயம் ஒன்றையும் வெளியிட்டது. சுதந்திர இந்தியா அச்சிட்ட முதல் வெள்ளி நாணயம் இதுவே. எடை 15 கிராம். நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. ஆகவே ஒவ்வொன்றிலும் 12 கிராம் தூய வெள்ளி அடங்கியிருந்தது. அது முகமதிப்புக்கே, அதாவது பத்து ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்தால் பத்து ரூபாய் நாணயம் ஒன்று என்ற கணக்கிலேயே மக்களுக்குக் கிடைத்தது.

எம் தந்தையார் மூன்று நாணயங்களை மாற்றி வந்தார். மூன்று பிள்ளைகளுக்கு மூன்று. "உங்கள் புதுநன்மை நாளன்று கொடுப்பேன்" என்று சொல்லி, அன்னையாரிடம் ஒப்படைத்தார். அவருடைய சம்பளத்துக்கு முப்பது ரூபாய் சிறிய தொகை அன்று. ஆயினும் அவர் துணிந்ததற்குக் காரணம் இருந்தது. நகை வாங்கினால் செய்கூலி போகும். விற்கும்போது சேதாரம் போகும். இந்த நாணயத்திலோ ஒரு காசும் குறையாது. எந்நாளும் அது பத்து ரூபாய். கடையில் கொடுத்தாலும் பத்து ரூபாய். வங்கியில் கொடுத்தாலும் பத்து ரூபாய்.

முகமதிப்புக்கு விற்கப்படும் வெள்ளி நாணயத்தின் தனிச்சிறப்பு இதுதான். வெள்ளியின் விலை எவ்வளவு வீழ்ந்தாலும், அரசின் முத்திரை அதனைப் பத்து ரூபாய்க்குக் கீழே இறங்கவிடாது. வெள்ளியின் விலை ஏறினாலோ, நாணயமும் அதனோடு ஏறும். கீழே தரை உண்டு. மேலே கூரை இல்லை. அரசுக்கும் நட்டமில்லை, வெளியிட்ட நாளில் உள்ளிருந்த வெள்ளியின் விலை பத்து ரூபாயை விடக் குறைவு. அந்த வேறுபாடு கருவூலத்துக்கு ஆதாயம்.

அரிசிக்கு மாறிய வெள்ளி

1974ஆம் ஆண்டு விலைவாசி விஷமாய் ஏறிற்று. மாதக் கடைசியில் தந்தையார் வெளியூர் சென்றிருந்த வேளை, வீட்டில் அரிசி தீர்ந்தது. அன்னையார் துணி முடிப்பை அவிழ்த்து, ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு அரிசிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அதை இருமுறை புரட்டிப் பார்த்து, மறுபேச்சின்றிப் பத்து ரூபாய்க்கு அரிசி அளந்தார்.

மறுபேச்சு இல்லாததன் பொருள் எமக்குப் பின்னரே விளங்கிற்று. அதற்குள் உலகச் சந்தையில் வெள்ளி விலை உயர்ந்து, நாணயத்துக்குள் இருந்த உலோகமே பத்து ரூபாயை மிஞ்சிவிட்டிருந்தது. கெட்ட நாணயம் நல்ல நாணயத்தை விரட்டும் என்று பொருளியலார் கிரெஷாம் பெயரால் ஒரு விதி சொல்வார்கள். தாளும் வெள்ளியும் ஒரே மதிப்பில் உலவினால், மக்கள் தாளைச் செலவிட்டு வெள்ளியைப் பதுக்குவார்கள். கடைத்தெருவில் காந்தி நாணயம் கண்ணில் படாமற்போனது இதனால்தான்.

ஊர் திரும்பிய தந்தையாரிடம் அன்னையார் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவர் கடிந்துகொள்ளவில்லை. "பத்து ரூபாய்க்கு வாங்கினோம். பிள்ளைகள் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அது தன் கடமையைச் செய்துவிட்டது" என்றார். நட்டக் கணக்கு அவருக்குத் தெரியாததன்று. அதை அவர் பேசவில்லை.

நாணயம் சொல்லும் வரலாறு

வெள்ளி நாணயங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆங்கிலேயர் காலத்தில் வழங்கிய பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் தூய வெள்ளி ஏறத்தாழ 10.7 கிராம். 1940இல் அதன் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் நிக்கல் ரூபாய் வந்தது. 1969இல் 12 கிராம் வெள்ளி பத்து ரூபாய். சுதந்திர வெள்ளிவிழாவை முன்னிட்டு 1972இல் வந்த பத்து ரூபாய் நாணயம் 22.5 கிராம் எடையுள்ளது. பெரிதாய்த் தோன்றினும் வெள்ளி பாதியே, அதாவது 11.25 கிராம். 1973இல் 15 கிராம் வெள்ளிக்கு 20 ரூபாய். 1974இல் 17 கிராமுக்குச் சற்று மேல். முகமதிப்போ 50 ரூபாய். 1980இல் கிராமப் பெண்களின் முன்னேற்றத்தை நினைவூட்டி வந்த நாணயத்தில் 17.5 கிராம் வெள்ளி. முகமதிப்பு 100 ரூபாய்.

வெள்ளி ஓரளவே கூடிற்று. எண்ணோ பத்து, இருபது, ஐம்பது, நூறு என வளர்ந்தது. பதினோர் ஆண்டுகளில் ரூபாய் எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடநூல் வேண்டுமோ? 1970, 1971ஆம் ஆண்டுகளின் பத்து ரூபாய் நாணயங்கள், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் முயற்சியையொட்டி, 'அனைவருக்கும் உணவு' என்ற கருத்தைத் தாங்கி வந்தவை. வத்திக்கானும் 1968இல் அதே நிறுவனத்தின் நோக்கத்தைப் பொறித்து நாணயங்கள் வெளியிட்டது.

பிற நாடுகளின் கதையும் இவ்வாறே. மேற்கு ஜெர்மனி 1952 முதல் 7 கிராம் தூய வெள்ளி கொண்ட 5 மார்க் நினைவு நாணயங்களை முகமதிப்புக்கே வழங்கி வந்தது. 1979இல் அறிவியலார் ஓட்டோ ஹானின் நூற்றாண்டு நாணயத்தை வெள்ளியில் அடித்தபின், வெள்ளி விலை முகமதிப்பைத் தாண்டவே, அவற்றை உருக்கிவிட்டு, செம்பு நிக்கல் கலவையில் மீண்டும் அடித்தார்கள். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கிற்று. கனடாவோ 2011இல் 8 கிராமுக்குச் சற்றே குறைந்த தூய வெள்ளியில் 20 டாலர் நாணயத்தை 20 டாலருக்கே விற்றது. அதில் இருந்த வெள்ளியின் அன்றைய விலை அதைவிடக் குறைவே. சட்டப்படி அது பணமாயினும், கடைகளில் கொடுத்து மாற்றுவது எளிதாயில்லை. தரை என்று நாம் நம்புவதும் எல்லா இடத்திலும் உறுதியான தரையன்று என்பது இதனால் தெளிவு.

சேர்ப்போர் கவனத்துக்கு

இக்காலத்தில் நம் நாட்டு நினைவு வெள்ளி நாணயங்கள் முகமதிப்புக்குக் கிடைப்பதில்லை. 2009இல் புனித அல்போன்சாவுக்கும், 2010இல் அன்னை தெரேசாவுக்கும் அரசு நாணயம் வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அன்னையின் 5 ரூபாய் நாணயம் சில்லறையோடு சில்லறையாய் நம் கைக்கு வந்தது. ஐந்து ரூபாயோடு கல்கத்தாத் தெருவில் பணி தொடங்கியவருக்கு அது பொருத்தமே. ஆனால் 35 கிராம் எடையுள்ள 100 ரூபாய் வெள்ளி நாணயத்தை, நாணயச்சாலை முகமதிப்பைவிடப் பன்மடங்கு விலைக்கே விற்றது. அதை மீண்டும் பணமாகச் செலவிட்டால் நூறு ரூபாய்தான். ஆகவே 'முதலீடு' என்ற விளம்பரச் சொல்லைக் கேட்டுக் கடன்பட்டு வாங்காதீர்கள். விரும்பி வாங்குவோர், கொடுக்கும் விலையில் உலோகத்துக்கு எவ்வளவு, அழகுக்கு எவ்வளவு என்று முதலில் கணக்கிடுக.

பழைய நாணயம் வைத்திருப்போர்க்கும் சில சொல்வோம். புளியும் சாம்பலும் பற்பொடியும் இட்டுத் துலக்காதீர்கள். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்போர் விரும்பார். கறுப்பு அழுக்கன்று, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியில் படிந்ததே. ரப்பர் வளையமிட்டுக் கட்டாதீர்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தனித்தனி உறையிலிட்டு, யார், எப்போது, எதற்காக வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். உருக்கிக் கொலுசாக்கும் எண்ணம் வேண்டாம். நாணயத்தை உருக்குவதை 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது.

மூன்றாம் மதிப்பு

ஆக, முகத்தில் எழுதிய மதிப்பு ஒன்று. உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு மற்றொன்று. 2025ஆம் ஆண்டில் வெள்ளி கிராமுக்கு நூறு ரூபாயைத் தாண்டியபோது, எம் பெட்டியில் எஞ்சிய இரண்டு நாணயங்கள் ஒவ்வொன்றும் உலோகக் கணக்கிலேயே ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேலாயின. விற்றுவிடலாம் என்ற பேச்சு எம் குடும்பத்திலும் எழுந்தது. அப்போதுதான் மூன்றாவது நாணயத்தின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னோம். அதுவரை விலையைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், "பாட்டி அன்று அழுதார்களா?" என்று கேட்டார்கள். நாணயத்தின் மூன்றாம் மதிப்பு அந்தக் கேள்வியில் இருந்தது.

ஆண்டவர் இயேசுவும் வெள்ளி நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பொறித்த உருவம் யாருடையது என்று வினவினார். செசாரின் உருவம் தாங்கியது செசாருக்கு உரியதாயின், கடவுளின் சாயலைத் தாங்கியது யாருக்கு உரியது? மனிதனைக் கடவுளின் நாணயத்துக்கு ஒப்பிட்டார் புனித அகுஸ்தினார். முகமதிப்பு குறைந்தவர் என்று உலகம் ஒதுக்கும் ஏழையின் உள்மதிப்பும் நம் உள்மதிப்பும் ஒன்றே. சேர்த்து வைப்பது குற்றமன்று. பசி வரும்போது எடுத்துக் கொடுக்க மனமில்லாமற் சேர்ப்பதே குற்றம்.

பத்து வெள்ளி நாணயங்களில் ஒன்றை இழந்த பெண், விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடினாள் என்கிறது நற்செய்தி. எம் அன்னையார் மூன்றில் ஒன்றைத் தேடவே இல்லை. அது எங்கே போயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். எஞ்சிய இரண்டையும் விற்பதில்லை என முடிவு செய்தோம். பேரப்பிள்ளைகளின் புதுநன்மை நாளன்று, அந்தக் கதை எழுதிய தாளோடு அவற்றை அவர்கள் கையில் கொடுப்போம். பசித்தவர் எவரேனும் வாசலில் நிற்கும் நாள் வந்தால், அவற்றைச் செலவிடவும் அவர்களுக்கு அனுமதி உண்டு.