ஊசி இருக்கிறதா? பலகையில் எழுதிப் போடுங்கள்!

நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இது இலவசமாகப் போடப்படுகிறது. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது.

அப்படிப்பட்ட ஊசிக்கு "ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொன்னால், வசதியானவர் தனியார் மருத்துவமனைக்குப் போவார். காலனியிலிருந்து வரும் கூலித் தொழிலாளி எங்கே போவார்? அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. போன் போட்டு விசாரிக்க உள்ளே தெரிந்தவர்களும் நமக்கு இல்லை.

கணக்கு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருப்புப் பதிவேடு உண்டு. கொரோனா தடுப்பூசி இருப்பு 'ஈவின்' என்ற மின்னணு முறையில் பதிவானது. ஆனால் அந்த விவரத்தை அனுமதியின்றிப் பொதுவெளியில் பகிர வேண்டாம் என்று 2021 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, கேட்காமலே தகவல்களை வெளியிடுவதை அரசு அலுவலகங்களின் கடமையாக்குகிறது. கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

நாய்க்கடி, பாம்புக்கடி மருந்துகளின் இருப்பை ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் தினமும் எழுதிப் போட ஒரு கரும்பலகை போதும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். மனு எழுத நம் மாணவர்கள் முன்வரட்டும்.