சந்தின் கதை, ஹாராவின் கதை

நகரத்தின் பாதைகளை அரபுமொழி தரம் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. அகன்ற வீதி ‘ஷாரிஃ’; ஷரீஅத் என்னும் சொல் பிறந்த அதே வேரில் பிறந்தது. வீடுகள் நெருங்கிச் சூழ்ந்த குடியிருப்புச் சந்து ‘ஹாரா’. அதனினும் குறுகியது ‘ஸுகாக்’. தமிழுக்கும் இவ்வளம் உண்டு. தெரு, சந்து, முடுக்கு என்கிறோம். காயல்பட்டினத்தில் முடுக்கு என்பது பெண்கள் புழங்குவதற்காக வீடுகளுக்கிடையே விடப்பட்ட வழி என்பதை வாசகர்கள் அறிவர். பெயர் எதுவாயினும், ஒரு வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது அடுத்த வீட்டாருக்குத் தெரிந்துவிடும் இடம் அது. நகரச் சந்துகளைப் பற்றிய நல்ல சிறுகதைகள் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கின்றன. அவற்றில் சந்து வெறும் பின்னணி அன்று. சந்துக்கு என்ன தெரிந்தது, தெரிந்தபின் அது என்ன செய்தது என்பதே கதை.

தமிழில் இதற்குத் தலையாய சான்று, 1934இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. சில பக்கங்களே கொண்ட கதை. முதலில் கதைமாந்தர் வருவதில்லை; சந்துதான் வருகிறது. குறுகிய இருண்ட வழிகள், அருகே ரயில் பாதை, ஓடும் ரயிலை நோக்கிக் கூவும் பிள்ளைகள். இவற்றையெல்லாம் காட்டி முடித்த பிறகே அம்மாளு தோன்றுகிறாள். அவள் ஆலைத் தொழிலாளி. ஜட்கா ஓட்டும் அவள் கணவன் முருகேசன் அடிபட்டுப் படுத்திருக்கிறான், பால்கஞ்சி வேண்டுமென்கிறான். கூலி கைக்கு வர இன்னும் நாளிருக்கிறது. இரவில் தண்ணீர் எடுக்கச் சென்ற அம்மாளு ஒருவனோடு சந்தின் இருளில் மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. உடனே ஆசிரியர் நம் பக்கம் திரும்பி, கற்பைப் பற்றிப் பேசுவோரை நோக்கி ஒரு சொல் எறிந்துவிட்டுப் போய்விடுகிறார்.

மார்க்கக் கல்வி பயின்ற நம்மவரில் சிலர் இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு. பாவத்தை நியாயப்படுத்தும் கதை என்பது அவர்கள் கருத்து. நாம் அவ்வாறு கருதவில்லை. கதை அவள் செயலைப் புகழவுமில்லை, மறைக்கவுமில்லை. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு அவளுக்கு ஏன் வேறு வழியில்லாமற் போயிற்று என்றே கேட்கிறது. குழம்பில் சிறிது நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குக் கூறியதை ‘ஸஹீஹ் முஸ்லிம்’ பயின்ற எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சந்திலோ நீரைக் கூட்டக் குழம்பே இல்லை. எனவேதான் புதுமைப்பித்தன் சந்துவாசிகளைக் குற்றம் சாட்டாமல், அம்மாளுவின் அண்டை வீட்டாராக வாசகரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் புத்தகத்தை மூடுவது எளிதான தப்பித்தல்.

அரபியில் இத்துறைக்கு உரியவர் நஜீப் மஹ்ஃபூழ். 1911இல் பழைய கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் பிறந்து, பிள்ளைப் பருவத்தை அங்கே கழித்தவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார், 2006இல் மறைந்தார். 1959இல் தொடராக வந்த ‘அவ்லாது ஹாரத்தினா’ என்னும் நாவல் எழுப்பிய சர்ச்சையும், 1994இல் அவர் கத்தியால் குத்தப்பட்டதும் பலரும் அறிந்தவை. அது தனியே விரிவாகப் பேசவேண்டிய பொருள். அச்சர்ச்சையின் நிழல் படிந்து அவருடைய சிறுகதைகளும் நம் பாடசாலைகளில் படிக்கப்படாமற் போனதே இங்கு நம் குறை.

1975இல் வெளிவந்த ‘ஹிகாயாத்து ஹாரத்தினா’வில் 78 சிறு கதைகள் உள்ளன. ஒரு சிறுவனின் கண்வழியே ஹாரா விரிகிறது. அங்கே ஸூஃபிகளின் தக்கியா ஒன்று. அதன் கதவு திறப்பதேயில்லை. உள்ளேயிருந்து மொழி புரியாத பாடல் மட்டும் வருகிறது. மல்பெரி மரங்கள் தெரிகின்றன. பெரிய ஷைகைத் தான் ஒருமுறை கண்டதாகச் சிறுவன் நம்புகிறான். அவர் மறைந்த பின் கண்டெடுக்கப்பட்ட 18 கதைகள் ‘ஹம்ஸுன் நுஜூம்’ என 2018இல் நூலாயின. அவற்றிலும் ஹாராதான். சந்தில் எது நேர்ந்தாலும் ஷைகுல் ஹாரா எனப்படும் சந்துத் தலைவரும் பள்ளிவாசல் இமாமும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். இது கற்பனை மட்டுமன்று. கெய்ரோவின் ஹாராக்களுக்கு முன்னர் இரவில் பூட்டப்படும் கதவுகள் இருந்தன. 1798இல் வந்த நெப்போலியனின் படையினர் அவற்றைப் பெயர்த்தெறிந்ததை அக்கால வரலாற்றாசிரியர் ஜபர்த்தீ எழுதிவைத்திருக்கிறார். கதவு போன பின்னும் ஒரு சந்து ஒரே குடும்பம் என்ற எண்ணம் போகவில்லை. மஹ்ஃபூழின் ஹாரா எல்லார் காரியத்திலும் தலையிடுகிறது; சில வேளை அளவுக்கு மீறியே தலையிடுகிறது.

சிறுகதைக் கலை என்று நோக்கினால் ‘பொன்னகரம்’ கூர்மையானது. மஹ்ஃபூழுடையவை பெயருக்கேற்ப ஹிகாயத்துகள். பாட்டி சொல்லும் கதை போல அவிழ்ந்து கிடப்பவை. ஆயினும் ஒரு சந்தின் முழு நினைவும் அவற்றில்தான் இருக்கிறது. சந்தே இல்லாத நகரத்தையும் புதுமைப்பித்தன் எழுதியிருக்கிறார். ‘மகாமசான’த்தில் சென்னையின் பெருஞ்சாலையோரம் சாகக் கிடப்பவர் ஒரு முஸ்லிம் முதியவர். அகன்ற வீதியில் அண்டை வீடு என்று ஒன்றில்லை. ஜனங்கள் கடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நம் திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றி இன்று வேறுவகைச் சந்துகள் உருவாகியிருக்கின்றன. வரிசை வரிசையாக வாடகை அறைகள். பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்த இளைஞர்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் படுக்கும் நேரத்தில் பக்கத்து அறைக்காரர் வேலைக்குப் புறப்படுகிறார். சுவர் மெல்லியது, ஆனால் அப்பால் இருப்பவரின் பெயர் தெரியாது, மொழியும் தெரியாது. ஷைகுல் ஹாரா இல்லை. வாடகை வாங்க வருபவர் இருக்கிறார். மஹ்ஃபூழின் வழியோ புதுமைப்பித்தனின் வழியோ இச்சந்துக்கு அப்படியே பொருந்தாது. இதை எழுத வருபவர் ஷிப்ட் மாறும் நேரத்துத் தேநீர்க் கடையில் நெடுநாள் உட்கார வேண்டியிருக்கும்; கொஞ்சம் இந்தியும் வங்காளமும் காதில் விழுந்திருக்க வேண்டும். ஜும்ஆவில் இவர்களிற் சிலர் நம்மோடு ஒரே ஸஃப்பில் தோள் உரச நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்ததும் எழுந்து, நாம் பெயர் கேட்பதற்குள் அடுத்த ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள்.