நரம்பைத் தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம்

இருபது, முப்பது வயதுகளில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலி. சிவப்பு நிறம் வெளிறித் தெரிகிறது. சில வாரங்களில் பார்வை ஓரளவு தெளிந்துவிடுவதால் பலரும் இதை அத்துடன் விட்டுவிடுகிறார்கள். 'மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' நோயின் முதல் அறிகுறியாக இது இருக்கலாம்.

என்ன நடக்கிறது?

மின்கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல், நரம்பிழைகளுக்கு 'மயலின்' என்ற கொழுப்பு உறை உண்டு. கிருமிகளைத் தாக்க வேண்டிய டி செல்கள், மயலினைப் பகையாகக் கருதி மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுகின்றன. அழற்சி உண்டாகி உறை சிதைகிறது. நரம்புச் செய்தி தடைபடுகிறது. கை கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், கடும் சோர்வு, சிறுநீரை அடக்க முடியாமை எல்லாம் இதன் விளைவுகளே.

பி செல்களின் பங்கு

டி செல்கள்தான் முதன்மைக் குற்றவாளி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2008இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. எதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு வகைச் செல்களான பி செல்களை அழிக்கும் 'ரிட்டுக்சிமாப்' மருந்தைக் கொடுத்ததும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும் புதிய அழற்சிப் புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. ஆன்டிபாடிகளை உருவாக்கும் பிளாஸ்மா செல்களை இம்மருந்து தொடுவதில்லை. ஆகவே, பி செல்கள் டி செல்களைத் தூண்டிவிடுவதும் முக்கியக் காரணம் என்பது புலப்பட்டது.

தூண்டுவது எது?

அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் தரவுகளை ஆராய்ந்த ஆய்வு 2022இல் வெளியானது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு இந்நோய் வரும் ஆபத்து 32 மடங்கு உயர்வதை அது காட்டியது. இந்த வைரஸின் புரதம் ஒன்றின் பகுதி, மூளையில் உள்ள ஒரு புரதத்தை ஒத்திருக்கிறது. எனினும், தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. மரபணு, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு.

சிகிச்சையின் இலக்குகள்

'நடாலிசுமாப்' மருந்து, எதிர்ப்பு மண்டலச் செல்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கிறது. 'ஃபிங்கோலிமோட்' அவற்றை நிணநீர்க் கணுக்களிலேயே நிறுத்தி வைக்கிறது. பி செல்களைக் குறைக்கும் 'ஆக்ரலிசுமாப்' 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகைக்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான். மூளைக்குள்ளேயே இருக்கும் 'மைக்ரோக்ளியா' செல்களைக் கட்டுப்படுத்துவதும், சிதைந்த மயலினை மீண்டும் வளர்ப்பதும் அடுத்த இலக்குகள். இப்போதுள்ள மருந்துகளால் தொற்று வரும் வாய்ப்பு கூடும் என்பதால் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் முன்கூட்டியே தேவைப்படலாம்.

கவனம் தேவை

இந்நோய், எதிர்ப்புச் சக்தி குறைவதால் வருவதல்ல. அது திசைமாறுவதால் வருவது. எனவே 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' பொடிகளையும் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். பார்வை மங்கினாலோ, மரத்துப்போதல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தானாகச் சரியானாலும்கூட நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உடலின் ஒரு பக்கம் திடீரென்று செயலிழந்தால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு முழுமையான தீர்வு இன்னும் இல்லை. ஆனால், சீக்கிரம் சிகிச்சையைத் தொடங்கினால் நிரந்தர ஊனத்தைப் பெருமளவு தள்ளிப்போட முடியும்.