மூளைக்கு நாலரை மணி நேரம்

பக்கவாதத்துக்கு மருந்து இருக்கிறது. ஆனால் கடிகாரம் அனுமதித்தால்தான் அது வேலை செய்யும்.

காலையில் பல் துலக்கும்போது கையிலிருந்து பிரஷ் நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கேட்ட கேள்விக்குக் குழறலாகப் பதில் வருகிறது. பெரும்பாலும் வலி இருப்பதில்லை; அதனாலேயே வீட்டில் யாரும் பதறுவதில்லை. 'ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, கொஞ்சம் படுக்கட்டும்' என்கிறார் ஒருவர். 'பித்தமாக இருக்கும்' என்கிறார் இன்னொருவர். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, காப்பாற்றியிருக்கக்கூடிய மூளையில் பெரும் பகுதி போயிருக்கும். மாரடைப்பு என்றால் ஓடுகிறவர்கள், பக்கவாதம் என்றால் காத்திருக்கிறார்கள்.

மூளை காத்திருக்காது. உடல் எடையில் அது வெறும் 2 சதவீதம். ஆனால் உடலுக்குள் போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டும். எதையும் சேமித்து வைக்கும் பழக்கமும் அதற்கு இல்லை. கழுத்து வழியாக ஏறும் நான்கு ரத்தக் குழாய்கள் நொடிக்கு நொடி கொண்டுவந்து கொட்டினால்தான் பிழைப்பு. உள்ளே ஒரு கிளை அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ ஏற்படுவதுதான் பக்கவாதம்.

எந்த இடம் பட்டினி கிடக்கிறதோ அந்த இடத்தின் வேலை நின்றுபோகும். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கை, கால் விழும். பேச்சும் போகலாம். பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பதை 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஒரே ஓர் அசையை மட்டுமே சொல்ல முடிந்த நோயாளி ஒருவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, இடது முன்பகுதி சிதைந்திருந்தது.

அடைப்பு ஏற்பட்டதும் நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதியோ மயங்கிக் கிடக்கிறது. வேலை செய்வதில்லை, ஆனால் உயிர் இருக்கிறது. போராட்டம் முழுவதும் இந்தப் பகுதிக்காகத்தான். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு நிரூபித்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு இந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015 முதல், பெரிய குழாயில் சிக்கிய கட்டியைத் தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்தி வெளியே இழுக்கும் முறையும் நிலைபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். ஆனால் எதற்கும் முன்னால் ஸ்கேன் தேவை. அடைப்பா, ரத்தக் கசிவா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் தாமாகவே ஆஸ்பிரின் கொடுப்பதும் அதனால்தான் தவறு.

நரம்பியல் நிபுணர்கள் பெருநகரங்களில் குவிந்திருக்கும் நாட்டில் நாலரை மணி நேரம் என்பது சாதாரணக் கெடு அல்ல. ஆனாலும் வழி இருக்கிறது என்று காட்டியது இமாசலப் பிரதேசம். 2014இல் தொடங்கிய திட்டத்தில், ஸ்கேன் வசதியுள்ள அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்கள் படத்தை செல்போனில் அனுப்ப, தொலைவில் இருந்த நிபுணர் பார்த்து ஆலோசனை சொன்னார். விலை உயர்ந்த ஊசியை அரசே இலவசமாகத் தந்தது. அசாமில் ஸ்கேன் இயந்திரத்தையே வண்டியில் ஏற்றி நோயாளியின் வாசலுக்கு அனுப்பும் திட்டத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செயல்படுத்தியது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் வீட்டில் ஒருவர் விழித்துக்கொண்டால்தான் பயன்படும். சோதனை எளிது. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே புறப்பட வேண்டும், அதுவும் ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு. புறா ரத்தம் தேய்ப்பது, எண்ணெய் நீவுவது, தண்ணீர் புகட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்பவை. விழுங்க முடியாதவருக்குப் புகட்டிய தண்ணீர் நுரையீரலுக்குள் போகவும் கூடும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அலட்சியம் கூடாது. அடுத்து வரப்போகும் பெரிய தாக்குதலுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை மூன்றையும் அடக்கி வைத்தால் பெரும்பாலும் இந்த ஓட்டமே தேவைப்படாது. மீறி வந்துவிட்டால், மருத்துவர் முதலில் கேட்பது வயதையோ பெயரையோ அல்ல. 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' அதற்கு வீட்டில் யாராவது பதில் வைத்திருக்க வேண்டும்.