எட்டரை மணி நேரம் என்பது எவ்வளவு நேரம்?

மின்சார கார் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. டாடா டியாகோ, 24 யூனிட் பேட்டரி. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு இதுதான் முதல் மின்சார கார். அதனால் டீக்கடையில் நின்றாலும் ரேஷன் கடையில் நின்றாலும் இரண்டு கேள்விகள் வந்துவிடும். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்? சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் கேள்விக்கு என் பதில் மாறவில்லை. ஏசி போட்டு ஓட்டினால் எனக்கு 180 கிலோமீட்டர் வருகிறது. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் மாறிக்கொண்டே வந்தது. முதல் மாதம் "எட்டரை மணி நேரம்" என்று சொல்வேன். கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். இப்போது "தெரியாதுங்க, நான் தூங்கிடுவேன்" என்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தப் பதிலுக்கு வந்து சேர எனக்கு ஒரு மோசமான ராத்திரி தேவைப்பட்டது. அதையும் அதற்குப் பிறகு போட்ட கணக்கையும் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வாங்குகிற யாருக்காவது உதவும்.

அந்த ராத்திரி

வாங்கி ஏழாவது வாரம். ராத்திரி பதினொன்றே கால் மணிக்கு கோவில்பட்டியிலிருந்து மச்சான் போன் செய்தார். மாமாவுக்கு நெஞ்சு வலி. மாமா என்றால் என் மாமனார். உடனே கிளம்பணும். எங்கள் வீட்டிலிருந்து கோவில்பட்டி சுமார் 100 கிலோமீட்டர். வண்டியில் இருந்தது 21 சதவீதம், அதாவது நாற்பது கிலோமீட்டருக்குக்கூட பத்தாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நான்கு நாளாக விட்டு வைத்திருந்தேன்.

வீட்டில் பிளக் போட்டால் தேவையான அளவு ஏற நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஊருக்குள் ஒரு ஃபாஸ்ட் சார்ஜர் காலியாக இருப்பதாகக் காட்டியது. போனால் மெஷின் திரை இருட்டாக இருந்தது. அடுத்த இடத்தில் ஒரு டாக்சி சார்ஜில் நின்றது, முடிய இன்னும் நாற்பது நிமிடம். அப்போது என் மனைவி கேட்டாள்: "கார்ல சார்ஜ் இல்லைன்னு அம்மாகிட்ட எப்படிங்க சொல்றது?"

திரும்பி வந்து எதிர்வீட்டு அண்ணனை எழுப்பினேன். ஒரு வார்த்தை கேட்காமல் தன் பழைய ஆல்டோ சாவியைக் கொடுத்தார். நாங்கள் விருதுநகர் தாண்டும்போதே மாமாவைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேராக அங்கே போனோம். ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு மணி நேர அலைச்சல் என்னால்தான் வந்தது. சார்ஜர் மேல் பழி போடலாம். ஆனால் முந்தின நான்கு இரவும் வண்டி என் வீட்டு பிளக்கிலிருந்து ஆறடி தள்ளி சும்மா நின்றதே, அதற்கு என்ன சொல்வது?

வீட்டு பிளக்கின் கணக்கு

எலெக்ட்ரிசிட்டி படித்தவர்களுக்கு இது பள்ளிக்கூடக் கணக்கு. ஆனாலும் அளந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. வண்டியோடு வரும் கேபிளை 15 ஆம்பியர் பாயிண்டில் சொருகி, கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சுமார் 13 ஆம்பியர் எடுக்கிறது. 230 வோல்ட் இருந்தால் மூன்று கிலோவாட். எங்கள் தெருவில் சாயங்காலம் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் 210-க்கு இறங்கும், அப்போது 2.7 கிலோவாட்தான். ஏசி கரன்ட்டை டிசி ஆக்கும் வேலையில் பத்து சதவீதம் போல சூடாகப் போகிறது. ஆக பேட்டரிக்குள் போவது மணிக்கு இரண்டரை யூனிட். 10 சதவீதத்திலிருந்து 100 வரை 21.6 யூனிட் வேண்டும். வகுத்தால் எட்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

இப்போது இன்னொரு கணக்கு. வடபழஞ்சி ஐடி பார்க்குக்குப் போய்வர, நடுவில் பையனை டியூஷனில் விட, எல்லாம் சேர்த்து என் தினசரி ஓட்டம் 30 கிலோமீட்டர். அதற்கு ஆவது 4 யூனிட். மணிக்கு இரண்டரை யூனிட் என்றால் திரும்ப ஏற ஒன்றரை மணி நேரம் போதும். அந்த எட்டரை மணி நேரம், பேட்டரியைக் காலியாக விட்டால் மட்டுமே வருகிற நேரம். நான்தான் விட்டேன்.

ஏன் விட்டேன் என்றால், இருபது வருடம் பெட்ரோல் வண்டி ஓட்டிய பழக்கம். ரிசர்வ் வந்தால் பங்க்குக்குப் போவோம், ஐந்து நிமிடத்தில் நிரப்புவோம், மறந்துவிடுவோம். தேவைப்படும்போது நிரப்புவது பெட்ரோலுக்குச் சரி. மெதுவாக ஏறும் பொருளுக்கு அது சரிப்படாது. மதுரைக்காரனுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் அன்றைக்கு எங்கள் அம்மா பாதி நிறைந்த குடத்தையும் விடமாட்டார், எல்லாவற்றையும் நிரப்பி வைப்பார். "தண்ணி வர்றப்ப பிடிக்கணும், தாகம் எடுக்கறப்ப இல்ல" என்பார். கார் விஷயத்தில் மட்டும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஃபாஸ்ட் சார்ஜரில் ஏன் 80-க்கு மேல் நகர மறுக்கிறது

பலர் ஏமாறும் இடம் இது. சார்ஜர் போர்டில் 60 கிலோவாட் என்று போட்டிருக்கும். 24 யூனிட் பேட்டரி அரை மணிக்கும் குறைவாக நிறைய வேண்டும் அல்லவா? நிறையாது. எவ்வளவு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்வது வண்டிக்குள் இருக்கும் பேட்டரி மேலாண்மைச் சிஸ்டம். என் வண்டி 10-லிருந்து 80 சதவீதம் வர ஒரு மணி நேரம் எடுக்கிறது. சராசரி போட்டால் 17 கிலோவாட் அளவுதான். சார்ஜர் எவ்வளவு பெரிதானாலும் என் வண்டிக்கு அதுதான்.

80-க்கு மேல் இன்னும் குறையும். பெரியார் பஸ் ஸ்டாண்டில் காலியாக வந்து நிற்கும் திருமங்கலம் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் முப்பது பேர் ஒரு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி ஐந்து பேர் எங்கே இடம் இருக்கிறது என்று தேடித் தேடித்தான் உட்கார முடியும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருவதும் அப்படித்தான். அடுக்குகள் நிறைந்த பிறகும் அதே வேகத்தில் தள்ளினால், உள்ளே இடம் கிடைக்காத லித்தியம் கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படியும். அது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், ஆபத்தும்கூட. அதனால் செல் உச்ச வோல்டேஜைத் தொட்டதும் வோல்டேஜை அப்படியே பிடித்துக்கொண்டு கரன்ட்டைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். சித்திரை வெயிலில் நாலுவழிச்சாலையில் ஓட்டி வந்து சூடாக நிற்கும் பேட்டரிக்கு இன்னும் குறைவாகவே கொடுக்கும்.

நடைமுறைப் பாடம்: வழியில் சார்ஜ் போட்டால் 80-ல் எடுத்துவிடுங்கள். கடைசி 20-க்காக உட்கார்ந்திருந்தால் உங்கள் நேரமும் போகும், பின்னால் காத்திருப்பவர் நேரமும் போகும்.

சென்னைக்கு? சுமார் 460 கிலோமீட்டர். முதல் முறை திருச்சியில், அதற்குப் பின் இன்னும் மூன்று முறை நிற்கணும். சார்ஜுக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். பெரிய பேட்டரி வண்டிகளுக்கு ஒன்றிரண்டு நிறுத்தத்தில் முடியும். என் வண்டி அதற்கானது இல்லை. நாங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகிறோம்.

கரி பஸ் காலம்

வண்டியின் எரிபொருளுக்காக மனிதன் தன் நேரத்தை மாற்றிக்கொள்வது இந்த ஊருக்குப் புதிது இல்லை. பழங்காநத்தத்தை ஒட்டித்தான் டி.வி.எஸ். நகர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மதுரையில் பஸ் தொழில் நடத்திய டி.வி. சுந்தரம் அய்யங்கார் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கரிவாயு கலனைத் தயாரித்துத் தன் பஸ்களை ஓட்டினார்.

கரிவாயு வண்டியின் தத்துவம் எளியது. ஒரு உருளைக்குள் கரியைப் போட்டு, போதாத காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதை வடிகட்டி, குளிரவைத்து எஞ்சினுக்குக் கொடுத்தால் வண்டி ஓடும். ஆனால் சாவி திருப்பினதும் கிளம்பாது. கரி போட்டு, பற்றவைத்து, துருத்தியைச் சுற்றி, வாயு சரியாக வரும்வரை காத்திருக்கணும். பெட்ரோல் அளவு சக்தி இருக்காது, மேட்டில் திணறும். சாம்பல் அள்ளணும், வடிகட்டியைச் சுத்தம் செய்யணும். இத்தனையும் இருந்தும் பஸ் ஓடியது. பஸ் கிளம்பும் நேரத்துக்கு முன்னாடியே ஒருவர் வந்து அடுப்பைத் தயார் செய்து வைத்தால்தான் அது முடியும். காத்திருப்பைப் பயணிகள் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ராத்திரி பிளக் சொருகுவதும் அதே வேலைதான், அதைவிட ரொம்பச் சுலபம்.

இப்போது நான் செய்வது

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன் பிளக் போடுகிறேன், 70 இருந்தாலும் சரி. சாதாரண நாளில் 90-ல் நிறுத்திவிடுவேன். என் வண்டியில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. இதில் சார்ஜ் இறங்கினாலும் வோல்டேஜ் அதிகம் மாறாது, அதனால் வண்டியின் சதவீதக் கணக்கு மெல்லத் தவறும். அதைச் சரிசெய்ய ஞாயிறு ராத்திரி மட்டும் 100 வரை விடுகிறேன்.

பாயிண்டுக்குத் தனி எம்சிபி, 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், நல்ல எர்த், ஆர்சிசிபி போட்டிருக்கிறேன். முதல் மாதம் பழைய சாக்கெட்டில் போட்டதில் பிளக் கறுத்துப்போனது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது. எட்டு மணி நேரம் 13 ஆம்பியர் தாங்குகிற பொருள் இல்லை அது.

ஈ.பி. பில்லையும் கவனிக்கணும். எனக்கு இரண்டு மாதத்தில் 220 யூனிட் வண்டிக்கே போகிறது. நம் கட்டணமுறையில் 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையிலான குறைந்த விலையும் போய்விடும். முதல் பில்லில் அதிர்ந்துபோனேன். ஆனாலும் முன்பு கொடுத்த பெட்ரோல் காசைவிட இது மிகக் குறைவு.

கடைசியாக ஒரு விதி: ராத்திரி படுக்கப்போகும்போது வண்டியில் ஒரு கோவில்பட்டி அளவு இருக்கணும். என் கணக்கில் அது 65 சதவீதம். உங்களுக்கு அது ராமநாதபுரமாக இருக்கலாம், தேனியாக இருக்கலாம். வயதானவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அதுதான் அளவு.

இந்தக் கணக்கெல்லாம் வீட்டுக்குள் வண்டி நிறுத்துகிறவனுக்குத்தான். அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கும் நண்பர் மின்சார கார் வாங்க ஆசைப்படுகிறார். வண்டி தெருவில்தான் நிற்கும், வீட்டுக்காரர் 15 ஆம்பியர் பாயிண்ட் போடச் சம்மதிக்கவில்லை. அவருக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் உண்மையிலேயே காத்திருக்கிற நேரம். நான் தூங்கும்போது ஏறுவது அவர் விழித்திருக்கும்போதுதான் ஏறும். அதனால் யார் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாலும் இப்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது: "ராத்திரி உங்க வண்டி எங்கே நிற்கும்?"

மாமா போன் பண்ணினால் இப்போதெல்லாம் நலம் விசாரித்ததும் அடுத்து இதைத்தான் கேட்கிறார்: "மாப்ளே, வண்டில சார்ஜ் இருக்கா?"

"எழுபத்தெட்டு இருக்கு மாமா."